மூலை வெட்டு

கிளிநொச்சியில் தெரிந்தவர் வீட்டுக் குடிபூரல். கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர் பந்தியில் இருந்தபடியே பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கையால் நெல் அறுக்கிற அரிவு வெட்டு என்றால் ஊரே வயலுக்குள்தான் கிடக்குமாம். விடியமுதல் இறங்கி, பாட்டும் பகிடியுமாக வெட்டி, பத்து மணிக்கு வரம்பில் இருந்து பழஞ்சோறு சாப்பிட்டு, குவித்து வைத்த கதிர்ச் சூட்டை அடித்து முடிந்த இரவு களத்திலேயே பொங்கிப் படைப்பார்களாம். "இந்த மெசின் வந்துதான் எல்லாத்தையும் கெடுத்துப் போட்டுது" என்று பெருமூச்சு விட்டார். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் ஓமோம் என்றார்கள். அம்மா பாயாசத்தைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்க் கை கழுவினார். ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போதுதான் வாயைத் திறந்தார். "அவரு வரப்புல நின்னாரா, வயலுக்குள்ள நின்னாரா?"

அதற்கு நான் சிரித்தேன். பிறகு நாள் கணக்காக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை என்பதுதான் சிக்கல். பாட்டு இருந்தது, பகிடி இருந்தது, பழஞ்சோறும் இருந்தது. அரிவு வெட்டுப் போய்விட்டதே என்று எழுதப்படுகிற குறிப்புகளை நானும் விருப்பத்தோடுதான் வாசிப்பேன். ஆனால் அம்மா அப்படிக் கேட்ட பிறகு அவற்றை வாசிக்கும்போது, எழுதுகிறவருடைய கை எங்கே இருந்தது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். அநேகமாக நெல் மூட்டையை எண்ணுகிற இடத்தில் இருக்கிறது. வெட்டியவர்கள் யாரும் எழுதவில்லை. அவர்களுக்கு அது அழிந்துபோன பண்பாடாகத் தெரிந்ததா, அழிந்துபோன சம்பளமாகத் தெரிந்ததா என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

மலையிலிருந்து மேட்டுக்கு

பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றி இருக்கிற குடியிருப்புகளைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் ஊர். தாத்தா கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். 1974இல் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தபோது தனியாக வடக்கே வந்தார். விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கத்தில் அரசாங்கம் படித்த வாலிபர் திட்டத்தில் இளைஞர்களுக்குக் கொடுத்த காணிகளில் மிளகாய் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் அரசாங்கம் மறித்து வைத்திருந்ததால் செத்தலுக்கு நல்ல விலை. தண்ணி கட்டவும் கொத்தவும் பழம் பிடுங்கவும் ஆள் போதாமல் இருந்தது. 1977 கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்த பிறகு அம்மாயியும் பிள்ளைகளும் உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. அதே வருடம் ஆட்சி மாறி, இறக்குமதியைத் திறந்துவிட, மிளகாய் விலை சரிந்தது. மிளகாய்க்காரர்கள் கையை விரித்தார்கள். வந்தவர்களுக்கு நெல் வயல்தான் கதி என்றாகிவிட்டது.

இரணைமடு 1902இல் கட்டத் தொடங்கிய குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டி, வாய்க்கால் வெட்டி, வாய்க்கால் வாய்க்காலாகக் காணி பிரித்துக் கொடுத்து முடித்து எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்தவர்கள் நாங்கள். எங்களுக்குக் கிடைத்தது காடு வெட்டிய மேட்டுக்காணி. வாய்க்கால் தண்ணீர் ஏறாத இடம். மாரிக்குக் கச்சானும் கௌப்பியும் போடலாம், கிணறு இருந்தால் கத்தரி வைக்கலாம், அவ்வளவுதான். "மலையிலேருந்து எறக்கிவிட்டும் மேட்டுலதான்டா விட்டானுங்க" என்று தாத்தா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். வவுனியாப் பக்கம் காந்தியம் அமைப்பு குடியேற்றிய எங்கள் ஆட்களுக்கு இதைவிட மோசமான கதை. அந்த அமைப்பை நடத்திய டாக்டர் இராஜசுந்தரத்தையே 1983இல் வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அம்மாயி நெல்லையே அதுவரை வயலில் பார்த்ததில்லை. கொழுந்து பறிக்கிற கை நிமிர்ந்து நின்று வேலை செய்த கை. தலையில் கயிறு, முதுகில் கூடை, சரிவில் கால். இங்கே குனிய வேண்டும். பொழுதுபடும் வரை குனிந்தே இருக்க வேண்டும். முதல் வருடம் இடது கைச் சின்னவிரலை மூன்று நான்கு தடவை நெல் அறுக்கிற தாக்கத்தி பதம் பார்த்துவிட்டது என்று தழும்பைக் காட்டுவார். பிடிக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாவும் எனக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தந்தார். பெருவிரல் மேலே இருக்க வேண்டும், கீழே போனால் விரல் போகும். மூன்று நான்கு பயிரைச் சேர்த்துப் பிடித்து, தாக்கத்தியைத் தன் பக்கம் இழுத்து, கை நிறைந்ததும் திரும்பி உப்பட்டியாக வைக்க வேண்டும். கதிர்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். தாறுமாறாக வைத்தால் கட்டுக் கட்டுகிறவர் ஏசுவார். சுணை கழுத்துக்குள் இறங்கி இரவு முழுக்கக் கடிக்கும். சூட்டுக் களத்துக்குள் போனால் செருப்பைக் கழற்ற வேண்டும், நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் அம்மாயி வயது போன பிறகு கற்றுக்கொண்ட மரியாதைகள். பாடியது மட்டும் கொழுந்து மலைப் பாட்டு. கனடாக்காரர் கேட்ட பாட்டு அதுவாகக்கூட இருக்கலாம்.

நாள் சம்பளத்துக்குப் போனால் ஆண்களுக்கு ஒரு கணக்கு, பெண்களுக்குக் குறைந்த கணக்கு. அதனால் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமாரும் கொந்தறாத்துக்கு, அதாவது ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுத்து, வெட்டப் பழகினார்கள். பத்துப் பேர் இறங்கினால் ஒரு ஏக்கர் பொழுதுபட முடியும். பிரித்தால் நாள் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட வரும். காசு பாதி, நெல் பாதி. அந்த நெல்லை அவித்து மூட்டையில் கட்டி வைத்தால் அடுத்த மாரி தொடங்கும்வரை உலை வைக்கப் பயமில்லை. அதோடு சொல்லிக்கொள்ளாத சலுகைகள் சில இருந்தன. கட்டுத் தூக்கிய பிறகு கிடக்கிற கதிர் பொறுக்கிறவர்களுக்கு. மாட்டுக்கு வைக்கோல் கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. வருத்தம் வந்தால், பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டுமென்றால், அடுத்த வெட்டில் கழிக்கலாம் என்று முற்பணம் கிடைக்கும். இதில் எதுவும் எழுத்தில் இல்லை. வேலை இருக்கும்வரை இருந்தது.

வாய்க்கால்கரை ஐயாவின் ஐந்து ஏக்கர்

ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் சொல்வோம், வாய்க்கால்கரை ஐயா. நல்ல மனுசன். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் அவரைக் குற்றவாளியாக்குவதாக வாசிக்கிறவர்கள் நினைத்துவிடுவார்கள். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது சைக்கிளில் வந்து, "எல்லாரும் உயிரோட இருக்கிறியளோ, பிள்ளையள்?" என்று படலையில் நின்று கேட்டவர். அவர் வீட்டிலும் இரண்டு பேர் இல்லை. கண்ணிவெடி அகற்றிக் கொடுத்த முதல் மாரிக் காலபோகத்தில் அவர் விதைத்த நெல்லை எங்கள் ஊர்ப் பெண்கள்தான் வெட்டினார்கள்.

இரண்டோ மூன்றோ போகம் கழித்து ஒரு மாசி. கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்பது ரோட்டில் போகிறவர்களுக்கே தெரிகிறது, ஐயாவிடமிருந்து ஆள் வரவில்லை. அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் தாக்கத்தியைத் தீட்டிக்கொண்டு தாங்களாகவே போனார்கள். படித்து முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த நானும் கூடப் போனேன். நாங்கள் போய்ச் சேர, வயல் ஓரத்தில் லொறியிலிருந்து பலகை போட்டு அறுவடை மெசினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் செயின், முன்னால் பல்லு வரிசை. பொலன்னறுவையிலிருந்து வந்த மெசின். ஓட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. கையால் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றோம்.

வரிசையாக வரம்பில் குந்தி இருந்து பார்த்தோம். முதல் சுற்றில் எல்லாருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பத்துப் பேர் ஒரு நாள் முழுக்கக் குனிகிற ஏக்கரை அது ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்தது. பின்னால் வைக்கோலைத் துப்பிக்கொண்டே போகிறது, பக்கத்துக் குழாயால் நெல் பொலுபொலுவென்று சாக்குக்குள் விழுகிறது, கொக்குகள் கூட்டமாகப் பின்னால் நடக்கின்றன. இரண்டாவது ஏக்கருக்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. மத்தியானம் தாண்டியபோது வயல் வெறும் தாளாக நின்றது. ரோட்டில் யாவாரியின் லொறி. பச்சை நெல், காயவில்லை, தூற்றவில்லை, நேரே தராசில் ஏறுகிறது.

மெசினால் திரும்ப முடியாத இடம் மூலை. ஒவ்வொரு துண்டிலும் நாலு மூலை, வரம்போடு ஒட்டிய ஓரம், ஈரத்தில் சாய்ந்து கிடந்த திட்டுகள். அவை அப்படியே பொன்னிறத்தில் நின்றன. ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "பிள்ளையள், மூலையளை மட்டும் வெட்டித் தாங்கோ. அரைநாள் சம்பளம் தாறன்."

பக்கத்து வீட்டு அக்காதான் கேட்டார். "அரைநாள் சரிங்க ஐயா, மிச்ச அரைநாளுக்கு நாங்க எங்கங்க போறது?"

"நானென்ன பிள்ளை செய்யிறது? மெசினுக்கு ஏக்கர்க் கணக்கில குடுக்க வேணும். ஆள் வச்சு வெட்டி, சூடு வச்சு, அடிச்சு, தூத்தி முடிக்கிறதுக்குள்ள மழை வந்தா ஆர் பொறுப்பு?"

"நெல்லுங்க?" என்றார் அம்மா.

"நெல்லு எல்லாம் யாவாரிக்குப் பேசியாச்சு."

அவர் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மாசி மழைக்குச் சூடு நனைந்து முளைவிட்டதை நாங்களே பார்த்திருக்கிறோம். கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு முதல் மூலைக்குள் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு மூலையில் ஐந்தாறு உப்பட்டிதான் வரும். அதையும் கதிர்கள் ஒரே பக்கம் பார்க்க அடுக்கினார். கட்டுக் கட்ட யாரும் வரப்போவதில்லை, சூடு வைக்கப் போவதுமில்லை. வெட்டியதை வாரிக்கொண்டு போய், நிறுத்தி வைத்திருந்த மெசினின் வாய்க்குள் நாங்களே போட வேண்டும். அம்மா மார்போடு அணைத்த பிடியை அதன் பல்லுக்குக் கிட்டக் கொண்டுபோக, ஓட்டுகிறவர் பதறிப்போய் மேலிருந்து கத்தினார். சேலைத் தலைப்பு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அவர் ஏசுகிறாரா, எச்சரிக்கிறாரா என்று விளங்கவில்லை. பிடியைக் கையில் வைத்தபடி ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். ஐயா யாவாரியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

கதிர் பொறுக்கலாம் என்று வந்திருந்த இரண்டு கிழவிகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கதிராக விழுந்தால் பொறுக்கலாம். மெசினிலிருந்து மணியாக விழுவது புறாவுக்கும் மயிலுக்கும்தான்.

அன்று இரவு அம்மாயியிடம் சொன்னோம். தோட்டத்தில் வேலைக்குப் பிந்திப் போனால், கொழுந்து நிறை குறைந்தால், கங்காணி அரைப் பேர்தான் போடுவான், அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும். அம்மாயி வெற்றிலையை மென்றுகொண்டே, "இங்கயும் அரைப் பேரு போட ஆரம்பிச்சிட்டானுங்களா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த போகம் மூலை வெட்டவும் யாரும் எங்கள் ஊருக்கு ஆள் அனுப்பவில்லை. மெசின் ஓட்டுகிறவர்கள் மூலையில் பின்னுக்கும் முன்னுக்குமாக எடுத்துத் திருப்பப் பழகிவிட்டார்கள்.

மெசின் நல்லதா கெட்டதா என்று அம்மாவைக் கேட்டால் தயங்காமல் நல்லது என்பார். அவருடைய முதுகுக்கு இப்போது கிழமைக்கு இரண்டு தடவை எண்ணெய் போட வேண்டியிருக்கிறது. மகள் குனியாமல் தப்பினாள் என்ற நிம்மதி அவருக்கு நிறைய. பள்ளிக்கூடத்தில் தை, மாசியில் இடைவெளி விழாமல் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை நான் ஆசிரியையாக இருந்து கண்ணால் பார்க்கிறேன். மெசினின் மற்றக் கெடுதிகளைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குக் களைநெல்லைக் காவிக்கொண்டு போகிறது, வைக்கோலைச் சிதற அடிக்கிறது, ஈரநெல்லை எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் யாவாரி வைத்ததுதான் விலையாகிறது, காயப்போட இடமில்லாமல் பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொள்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் இவை வயல் வைத்திருப்பவர்களின் கவலை.

எனக்குத் தோன்றுவது வேறு. வாய்க்கால் காணி கிடைக்காத எங்களுக்கும் அந்த வயலுக்கும் இடையில் இருந்த ஒரே தொடுப்பு தாக்கத்திதான். அது இருந்தவரை காணி இல்லை என்பது அவ்வளவாக உறைக்கவில்லை. இரண்டு மூட்டை நெல்லும் நாலு வார்த்தைக் கதையும் அதை மூடி வைத்திருந்தன. கோடைச் சிறுபோகத்துக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்கிற கூட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து யாரும் போவதில்லை. போய் என்ன சொல்வது? வயல் இருந்தால்தானே பங்கு, பங்கு இருந்தால்தானே பேச்சு. அரிவு வெட்டு அழிந்ததற்காக வருந்துகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் பாட்டைப் பற்றிக் கதைக்கத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

வெட்டுக் காசு நின்றுபோன வருடங்களில்தான் கிழமைக் கடன் ஊருக்குள் வந்தது. ஐந்து பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் காசு. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்ட வேண்டும். படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வேலியால் போனவர்களை எனக்குத் தெரியும். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் சொல்லும் நிலைக்கு அது போனது. இளம் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விடிய ஐந்து மணிக்கு ஏறுகிறார்கள். தம்பி மெசின் ஓட்டுகிறான். ஆம், அதே மெசின்தான். லீசிங்கில் எடுத்த ஒருவருக்குக் கீழே, இங்கே வெட்டு முடிய மன்னார், அங்கிருந்து கிழக்கு என்று போகம் போகமாக அலைகிறான். ஏக்கர்க் கணக்கில் கை நிறைய வருகிறது, மழை பெய்தால் ஒன்றும் வராது. மூலையில் அவனைப் போலத் திருப்ப ஆளில்லை என்று வாய்க்கால்கரை ஐயாவின் மகனே சொல்லியிருக்கிறார்.

டீசல் இல்லாத ஆடி

2022 சிறுபோகம் வெட்டுக்கு வந்தபோது, பொருளாதார நெருக்கடியில் நாட்டில் டீசல் இல்லை. தம்பி கானோடு வரிசையில் நின்றான், மெசின் வயலோரம் படங்கு மூடி நின்றது. அப்போதுதான் ஐயாவின் மகன் அம்மாவுக்குப் போன் எடுத்தார். ஐயா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். "மாமி, ஆள் பிடிச்சுத் தருவீங்களே? மழைக்கு முதல் வெட்ட வேணும்." அவருடைய அப்பா எங்கள் யாரையும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். மகன் மாமி என்கிறார். டீசல் விலை ஏறியதில் எங்கள் மரியாதையும் ஏறிவிட்டது என்று தம்பி சொன்னான்.

அம்மா கணக்கைப் போனிலேயே பேசினார். கொந்தறாத்து, ஏக்கருக்கு இவ்வளவு. பாதி நெல்லாக. வைக்கோல் எங்களுக்கு. கட்டுத் தூக்கிய பிறகு கதிர் பொறுக்க யார் வந்தாலும் மறிக்கக்கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். ஆனால் ஆள்? தேடியதில் அம்மாவின் வயதுப் பெண்கள் ஐந்தாறு பேர்தான் தேறினார்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை குறைந்து வீட்டில் நின்ற பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி பெருவிரலைக் கீழே வைத்துப் பிடித்து, முதல் அரைமணிக்குள் சின்னவிரலை வெட்டிக்கொண்டாள். மருந்து கட்டி அனுப்பினோம். ஒரு ஏக்கரை நாலு நாள் இழுத்தார்கள். பாட்டு ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்தது. மிச்சத்துக்கு எப்படியோ டீசல் கிடைத்து மெசின் இறங்கியது.

பாதி நெல்லை மட்டும் அம்மா வாங்காமல் விடவில்லை. அவித்துக் காயப்போட்டுக் குத்தி, அந்த அரிசியில் சோறு ஆக்கியபோது எல்லாருக்கும் ருசியாக இருந்தது. கடை அரிசியைவிட ருசி என்று நானும் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

இப்போது வீட்டில் வேறு சண்டை. ஐயாவின் மகன் கொழும்போடு போய்விட்டார், இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குத் தருகிறேன் என்கிறார். எடுப்போம் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். தம்பிக்கு விருப்பமில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்த காலபோகத்தில் அவன் குத்தகைக்கு எடுத்த வயல் கதிர் பால் பிடிக்காமல் பதராய்ப் போனது, குத்தகைக் காசைக் கட்ட சங்கிலியை அடகு வைத்தான், அது இன்னும் திரும்பவில்லை. "குத்தகைக்காரனுக்கு மெசின்காரனைவிடக் கம்மியாத்தான் மிஞ்சும், கணக்கப் பாரும்மா" என்று கொப்பியைத் தூக்கிப் போடுகிறான். விதை நெல், உழவு, உரம், எண்ணெய், வெட்டுக் கூலி, எல்லாம் எழுதியிருக்கிறான். வெட்டுக் கூலியை வெட்டிவிடு, உன் மெசினில் நீதானே வெட்டப்போகிறாய் என்கிறார் அம்மா. மெசின் என்னுடையதா, முதலாளிக்கு யார் சொல்வது என்கிறான் அவன். கமக்காரர் அமைப்பில் குத்தகைக்காரருக்குக் கூட்டத்தில் பேச இடமிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லச் சொல்லி அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். அடுத்த கிழமை கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்குள் இவர்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.